அதே கம்பெனி ஃப்ளாஷ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு யார் மேல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேமரா கம்பெனி மேலா, விற்ற கடைக்காரர் மேலா, என் வீட்டுக்காரர் மேலா, என் மேலேயேவா? வாரத்துக்கு ஒருவராக எல்லோரையும் திட்டித் தீர்த்தாயிற்று. இப்போது திட்டவும் அலுத்துவிட்டது.

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. அவருக்கு அங்கேயே மின்சார ரயில் பணிமனையில் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். வந்த புதிதில் பொழுது போகாமல் ஒரு பழைய கேமராவை வாங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அது எப்படியோ என்னைப் பூந்தமல்லியில் கொண்டுபோய் விட்டது. அங்கே முஸ்லிம் வீட்டு நிக்காஹ்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்தான் வேண்டும். ஆண் போட்டோகிராபர் ஆண்கள் கூடும் கீழ் ஹாலோடு சரி. ஒரு வீட்டில் எடுத்தேன், அந்த வீட்டு மருமகளின் அம்மா வீட்டில் கூப்பிட்டார்கள், அவர்கள் இன்னொரு வீட்டுக்குச் சொன்னார்கள். வாய்ச்சொல்லிலேயே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. மண்டபத்தை விட்டு இறங்குவதற்கு முன் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். முக்காடு இல்லாமல் இருக்கும் பெண்களின் படங்கள். அது வெளியே போகக் கூடாது. என்னிடம்கூட ஒரு படம் தங்காது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டுவது, பருவை அழிப்பது என்ற பேச்சே இல்லை. எடுத்தது எடுத்ததுதான். இன்னொன்று, வீடியோ கூடவே கூடாது. இந்த இரண்டும் எனக்கு வசதியாகத்தான் இருந்தன. உட்கார்ந்து திருத்துகிற வேலை மிச்சம். ஆனால் ஃப்ளாஷ் மட்டும் சொன்ன பேச்சு கேட்க வேண்டும். என் பழைய கேமராவும் அதே கம்பெனி ஃப்ளாஷும் ஆறு வருஷமாகக் கேட்டன.

போன புரட்டாசியில் பழைய கேமரா உயிரை விட்டது. அம்பத்தூரில் எனக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். அதே கம்பெனியில் புது மாடல் காட்டினார் கடைக்காரர். கைக்கு அடக்கமாக, கறுப்பாக, அழகாக இருந்தது. பழையதன் தலையில் குட்டி ஃப்ளாஷ் ஒன்று எழும்பும், இதில் அது கிடையாது. நான் என் பெரிய ஃப்ளாஷை எடுத்து நீட்டினேன்.

“அண்ணே, இது இதுல வேலை செய்யுமா?”

“இன்னா மேடம் இப்படி கேட்டுட்டீங்க? ஒரே கம்பெனி. கண்ண மூடிகினு போடுங்க.”

அவரே அதைக் கேமராவின் தலையில் இருந்த தடத்தில் செருகினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஃப்ளாஷின் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினார், கடையே வெளுத்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பொத்தான் ஃப்ளாஷ் தன்பாட்டுக்கு அடிப்பதற்கு, கேமரா சொல்லி அடிப்பது வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆறு வருஷம் வேலை செய்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா! ஒரே கம்பெனி என்ற சொல் என் புத்தியை மழுக்கிவிட்டது. பழைய கேமராவை அங்கேயே கொடுத்துவிட்டுப் புதியதோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. அவருடைய பணிமனையில் ரயிலுக்கே வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் வீட்டில் எதையும் விடமாட்டார். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, என் ஸ்கூட்டி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் பொட்டு. புதுக் கேமரா வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார், இதற்கு நெற்றி எது என்று. ஃப்ளாஷ் செருகும் தடம்தான் நெற்றி என்று முடிவு செய்து, அங்கே கட்டைவிரலால் சந்தனத்தை இழுத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். நான் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தேன். சிரித்தேன். லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் புடவைத் தலைப்பால் துடைத்து, பையில் வைத்தேன்.

அந்த வாரம்தான் பூந்தமல்லியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அவர்கள் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, தலையை லேசாக அப்படியும் இப்படியும் அசைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“கண்ணுல பிரஷர் கண்ணு. சைடுல ஒண்ணியும் தெரியல. நேரா பாத்தா தெரியுது, அதுவும் நல்ல வெளிச்சத்துலதான். போனது போனதுதான், மிச்சத்த காப்பாத்திக்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அந்த மிச்சமும் எத்தினி நாளைக்கோ.”

அவருக்கு ஒரே பெண். நிக்காஹ் முடிந்து பத்தாம் நாள் மாப்பிள்ளையோடு துபாய் போகிறாள்.

“எனக்கு நூறு படம் வேணாம். அவ மணப்பொண்ணா உக்காந்துகினு கீற படம் ஒண்ணு. பளிச்சுனு, மூஞ்சி தெரியறமாதிரி. அத நான் கண்ணு கிட்ட வச்சிகினு பாத்துப்பேன். செய்வியா?”

“அம்மா, புதுக் கேமரா வாங்கியிருக்கேன்மா. உங்களுக்குச் சூரியன் மாதிரி எடுத்துத் தர்றேன்” என்றேன். என் வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது!

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வியாழக்கிழமை காலையில் பை அடுக்கும்போது, சும்மா ஒரு முறை பார்ப்போமே என்று ஃப்ளாஷைச் செருகி, என் வீட்டுக்காரரை வாசற்கதவு முன்னால் நிற்கவைத்து அழுத்தினேன். கேமரா க்ளிக் என்றது. ஃப்ளாஷ் வாயைத் திறக்கவில்லை. கேமராத் திரையில் ஒரு வரி வந்தது. ஃப்ளாஷ் பொருந்தவில்லை அல்லது அணைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அல்லதா? அணைந்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? கண்ணெதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு கம்பெனி தன் சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல், இது என் பிள்ளையில்லை அல்லது தூங்குகிறது என்று சொன்னால் நான் என்ன செய்ய? கழற்றி மாட்டினேன். பேட்டரி மாற்றினேன். அதே வரி. அப்போதுதான் தடத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். இடுக்கெல்லாம் சிவப்பு. சந்தனமும் குங்குமமும் சேர்ந்து சிமெண்டாக இறுகியிருந்தன.

“உங்களை யாரு அங்க கொண்டுபோய்ப் பொட்டு வைக்கச் சொன்னது?”

“ட்ரெயினுக்கே வைக்கிறோம். ட்ரெயின் ஓடலையா?” என்றார் அவர்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வேலைக்குக் கிளம்பிப் போனது நல்லதாகப் போயிற்று. அவருடைய பழைய டூத் பிரஷ்ஷையும் சானிட்டைசரையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுரண்டினேன். பித்தளை நிறப் புள்ளிகள் பளபளவென்று வெளியே வந்தன. அழுத்தினேன். பொருந்தவில்லை அல்லது அணைந்திருக்கிறது. இன்னொரு முறை அழுத்தினேன், அடித்தது! சத்தியமாக அடித்தது. சுவர் முழுக்க வெளிச்சம். ஆனந்தத்தில் மறுபடி அழுத்தினால், அதே வரி. அதற்குப் பிறகு நாற்பது தடவை அழுத்தியும் அடிக்கவில்லை. அந்த ஒரு தடவை என் விரல் தெரியாமல் ஃப்ளாஷின் சொந்தப் பொத்தானில் பட்டதா, கேமராதான் சொன்னதா? பார்த்த சாட்சி யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை அம்பத்தூர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தடத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம் இது, கேமராவா கோயிலா? காண்டாக்ட் பூரா போச்சு” என்றார். தன்னிடமிருந்த அதே மாடல் புதுப் பீஸில் என் ஃப்ளாஷைப் போட்டார். அதிலும் அதே வரி. “அப்ப ஃப்ளாஷ்தான் அவுட்டு” என்றார். ரிப்பேருக்கு வந்து கிடந்த பழைய மாடல் ஒன்றில் போட்டார். பளீரென்று அடித்தது.

“அப்ப ரெண்டும் நல்லாத்தான் கீது மேடம்.”

“நல்லா இருந்தா ஏன் அடிக்கல?”

“அதான் மேடம் எனக்கும் தெரியல.”

அந்தப் பழைய கேமராவை ஞாயிறு ஒருநாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அது வேறொருவருடையது, அவர் மாலையே எடுத்துக்கொண்டு போவார் என்றார். வாடகைக்கு விடுபவர்களிடம் கேட்டேன். ஐப்பசி முதல் முகூர்த்தமாம், எல்லாம் போய்விட்டன. அந்த நிக்காஹில் கீழ் ஹாலில் எடுக்கப் போகிற போட்டோகிராபரைக் கேட்டேன். அவருடையது வேறு கம்பெனி. “ஒரே கம்பெனியே ஒத்துக்கலைன்னா என்னுது எப்படி அக்கா ஒத்துக்கும்?” என்றார். நியாயமான பேச்சு.

கம்பெனிக்கே போன் போட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

“ஃப்ளாஷ் எங்களுதுதான் மேடம். கேமராவும் எங்களுதுதான் மேடம். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சப்போர்ட் ஆகாது மேடம். நடுவுல எங்க அடாப்டர் போடணும் மேடம்.”

“அதை வாங்கும்போதே சொல்லக் கூடாதாம்மா?”

“லிஸ்ட் இருக்கு மேடம்.”

அந்த லிஸ்டை அனுப்பினாள். என் ஃப்ளாஷின் பேருக்கு மேல் ஒரு நட்சத்திரம். கீழே போய் நட்சத்திரத்தைப் பார்த்தால், அடாப்டரோடு மட்டும். அடாப்டரின் பேருக்கு மேல் இரண்டு நட்சத்திரம். கீழே போனால், சில மாடல்களில் சில வசதிகள் மட்டும். எந்த மாடல், எந்த வசதி? அதற்கு வேறொரு லிஸ்ட். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது மாடலின் தடத்தில் ஏதோ புள்ளிகளை எடுத்துவிட்டு வேறு புள்ளிகள் வைத்திருக்கிறார்களாம். எதற்கு எடுத்தார்கள்? யார் கேட்டார்கள்?

சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவோம் என்ற ஒரு கடைக்குப் போனிலேயே சொல்லி வைத்தேன். “பழைய ஐட்டத்தை இந்தப் புது மாடலில் மாட்டுற அடாப்டர், அதே கம்பெனியுது” என்றேன். வந்தது. பிரித்துப் பார்த்தால் வளையல் மாதிரி ஒரு வளையம். இதைத் தலையில் எங்கே மாட்டுவது? என் வீட்டுக்காரர் வாங்கித் தன் மணிக்கட்டில் போட்டுப் பார்த்தார். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டுகிற அடாப்டராம் அது. நான் ஃப்ளாஷ் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கோபத்தில் மறந்திருக்கிறேன். சரியான அடாப்டர், நிக்காஹ் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. அதைப் போட்டதும் ஃப்ளாஷ் ஒழுங்காக அடித்தது, இப்போதும் அடிக்கிறது. அப்படியானால் பொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் அவர். அந்த ஒரு தடவை அடித்ததே, அது எப்படி என்று கேட்டால் மறுபடி ட்ரெயின் கதையை எடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லி மண்டபத்தின் மாடி ஏறினேன். ஜன்னல் வெளிச்சத்திலாவது சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். மேல் ஹாலுக்குள் நுழைந்தால் கும்மிருட்டு. மண்டபத்தை ஒட்டி மெட்ரோ பாலம் போகிறது. பாலத்தின் மேல் மஞ்சள் தொப்பி போட்டு வேலை செய்கிறவர்களும் மாடி ஜன்னலும் ஒரே உயரம். அதனால் எல்லா ஜன்னலுக்கும் பெட்ஷீட் கட்டி, ஓரங்களில் ஊக்குக் குத்தி வைத்திருந்தார்கள். போதாததற்கு டெக்கரேஷன்காரர் ட்யூப்லைட்டுகளுக்கு ரோஸ் துணி கட்டியிருந்தார். மணப்பெண் மூலையில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்திலேயே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

கேமராவின் சக்தியையெல்லாம் கூட்டி, ஃப்ளாஷ் இல்லாமல் பத்துப் படம் எடுத்தேன். மணலைத் தூவிய மாதிரி இருந்தன. எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். திரையை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே பிடித்தார். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“இதுல எங்கம்மா கீறா எம்பொண்ணு?”

பையில் பேட்டரி விளக்குப் பலகை ஒன்று வைத்திருந்தேன், அதை எடுத்துப் போட்டேன். போட்ட வினாடியில் ஹால் முழுக்க முக்காடுகள் முகத்துக்கு இறங்கின. மணப்பெண்ணும் இழுத்து மூடிக்கொண்டாள்.

“யாருமா அது வீடியோ எடுக்கறது!” என்று பெண்ணின் சாச்சி ஓடி வந்தார். சித்தியை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஹாலில் பெரிய குரல் அவருடையதுதான். நின்று எரிகிற விளக்கு என்றால் வீடியோ, பளிச்சென்று அடித்து அணைந்தால் போட்டோ. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அது. நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அணைத்துவிட்டேன்.

பிறகு அந்த அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை, ஏன் என்று தெரியவில்லை, வியாழக்கிழமையே தெரியும், சொல்லப் பயந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பெனி, புள்ளி, நட்சத்திரம் என்று ஏதேதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரே கம்பெனின்னு சொல்ற. அப்புறம் ஏன் ஒத்துக்கல?”

“தெரியலம்மா.”

“அக்கா, நீங்க அம்மா கிட்ட வாக்குக் குடுத்தீங்களேக்கா” என்றாள் மணப்பெண். மை போட்ட கண் ததும்பி நின்றது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. எழுந்து, கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது வெளியே விசில் ஊதியது. சாச்சி பெட்ஷீட்டின் ஓரத்தை விலக்கி ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த ஜன்னலுக்குக் காவலே அவர்தான்.

“சோத்துக்கு எறங்குறானுங்க. ஒருத்தன்... ரெண்டு பேரு... அந்தத் தாடிக்காரனும் எறங்கிட்டான். பாலத்துல ஒரு ஈ காக்கா இல்ல.” திரும்பி என்னைப் பார்த்தார். “இன்னாமா, வெளிச்சம்தான வேணும்? முக்கா மணி நேரம் ஏற வரமாட்டானுங்க. கழட்டுங்கடி!”

நாலு பேர் ஊக்குகளைப் பிடுங்கினார்கள். பெட்ஷீட் சரிந்து விழுந்தது. பகல் ஒரு மணி வெயில், எதிரே பாலத்தின் வெள்ளைச் சிமெண்டில் பட்டுத் திரும்பி, ஹாலுக்குள் மெத்தென்று வந்து இறங்கியது. பிரியாணித் தட்டோடு நின்றவர்கள் அப்படியே தட்டைக் கீழே வைத்துவிட்டு, மணப்பெண்ணைச் சோபாவோடு சேர்த்து ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். “அக்கா, மேல ஏறிடாதீங்க”, “அய்யோ என் கால்” என்று ஒரே ரகளை. சாச்சி ஜன்னலிலேயே நின்று பாலத்தைக் காவல் காத்தார்.

நான் கேமராவைத் தூக்கினேன். திரையில் இன்னமும் அதே வரி. உபயோகமில்லாத ஃப்ளாஷ் அதன் தலையில் உட்கார்ந்தே இருந்தது. பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். கண்ணை வைத்துப் பார்த்தால், மணப்பெண்ணின் முகத்தில் மூக்குத்திக் கல் முதற்கொண்டு துல்லியமாகத் தெரிந்தது. அம்மாவை அவள் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

“அம்மா, இங்க பாருங்க.”

பார்க்கவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பி, தலையை அப்படியும் இப்படியும் அசைத்து, சரியான இடம் கிடைத்ததும் அசையாமல் இருந்துவிட்டார்.

“அம்மா, கேமராவைப் பாருங்கம்மா. அவங்க திரும்ப ஏறிடுவாங்க. பளிச்சுனு ஒரு படம் கேட்டீங்களே!”

“படத்த அப்பால பாத்துக்கலாம் கண்ணு” என்றார், என் பக்கம் திரும்பாமலேயே. “காலைலேந்து பக்கத்துலயே குந்திகினு கீறேன், இப்பதான் இவ மூஞ்சி தெரியுது. பாத்துக்கறேன், வுடு.”

அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை, அப்படியே எடுத்தேன். மறுபடி விசில் ஊதி, சாச்சி பெட்ஷீட்டை எடுத்துக் கட்டும்வரை அவர் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.